பழைய வெனிஸ் படம் ஒன்று

பழைய புத்தகக் கடையில் வாங்கிய கறுப்பு வெள்ளைப் படம். வெனிஸ் நகரின் பெரிய கால்வாய். "தாத்தா, தண்ணி ஏன் ஐஸ் மாதிரி இருக்கு? வானத்துல ஒரு மேகம்கூட இல்லையே?" என்றான் பேரன். நல்ல கேள்வி.

அந்நாளில் கண்ணாடித் தகட்டில் ஒளி பதியப் பல விநாடிகள் ஆகும். அதற்குள் அலைகள் ஒன்றோடொன்று கலந்து, நீர் மெழுகிய தரைபோல் ஆகிவிடும். துடுப்புப் போடுகிறவர் புகைபோல் மங்குவார்; கட்டிய படகு மட்டும் துல்லியமாக நிற்கும். அத்தகடு நீல ஒளியை மிகுதியாக வாங்குவதால் வானம் வெளுத்துவிடும், மேகம் தெரியாது.

எந்தக் காலத்துப் படம்? நான் முதலில் பார்த்தது பாலத்தைத்தான் (பழைய தொழில் விடுமா!). அக்காதெமியா அருகே வளைவில்லாத தட்டையான இரும்புப் பாலம். 1854இல் திறந்தது, 1933இல் அதன் இடத்தில் மரத்தால் வளைவுப் பாலம் வந்தது. ஆக, படம் இவ்விரண்டுக்கும் நடுவே. 1881இல் கால்வாயில் நீராவிப் படகுகள் ஓடத் தொடங்கின. இதில் ஒன்றுகூட இல்லை. அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அசைவை உறையவைக்கும் வேகத் தகடுகளும் ஏறக்குறைய 1880 வாக்கில்தான் பரவின. நீரின் மழமழப்பையும் சேர்த்துப் பார்த்தால், அதற்கு முந்தியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மகன், கம்ப்யூட்டரில் வண்ணம் ஏற்றித் தருவதாகச் சொல்கிறான். வேண்டாம் என்றேன். வானத்துக்கு நீலமும் நீருக்கு அலையும் வந்துவிட்டால், பேரன் கேட்ட இரண்டு கேள்விக்கும் இடமிருக்காது. அவன் இப்போது என் லென்ஸை வாங்கிக்கொண்டு, புகையாய்ப் போன படகுக்காரரைத் தேடிக்கொண்டிருக்கிறான்.