பெட்டியில் வைக்குமுன்

பாடம் 9: உரைநடை

நுழையுமுன்

பணியின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்களுக்குப் பெட்டி கட்டுவது புதிதன்று. விடுமுறை வந்தால் தில்லியிலிருந்தும் போபாலிலிருந்தும் தொடர்வண்டி ஏறிச் சென்னைக்கும் மதுரைக்கும் செல்கிறோம். அப்பயணத்தில் ஒரு பொருளை மறந்தால் வழியில் வாங்கிக்கொள்ளலாம். வேண்டாத பொருளைச் சுமந்தால் தோள் வலிக்கும், அவ்வளவே. நாட்டெல்லையைக் கடக்கும் பயணம் அத்தகையதன்று. அங்கே மறந்த ஒரு தாள் பயணத்தையே நிறுத்தும்; அறியாமல் சுமந்த ஒரு பொருள் சிறைக்கும் இட்டுச்செல்லும். அப்பயணத்திற்கு ஆயத்தமாகும் முறையை இப்பாடத்தில் அறிவோம்.

1. தாள்கள்

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று மே மாதத்தில் சிங்கப்பூரிலுள்ள அத்தை வீட்டிற்குச் செல்ல எண்ணியது. எட்டாம் வகுப்பில் பயிலும் மூத்த மகள், வீட்டிலுள்ள நால்வரின் கடவுச்சீட்டுகளையும் மார்ச் மாதமே எடுத்துப் பார்த்தாள். தம்பியின் கடவுச்சீட்டு செப்டம்பரில் காலாவதியாக இருந்தது. "இன்னும் ஆறு மாதம் இருக்கிறதே, போதாதா?" என்றான் தம்பி. போதாது. நாம் நாட்டினுள் நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதங்களுக்குக் கடவுச்சீட்டு செல்லுபடியாக வேண்டும் என்பது சிங்கப்பூர் உள்ளிட்ட பல நாடுகளின் விதி. இந்தியாவில் பெரியவர்களின் கடவுச்சீட்டு பத்தாண்டுகள் செல்லும். சிறுவர்களுடையது பொதுவாக ஐந்தாண்டுகளே செல்லும். ஆகவே, பிள்ளைகளின் கடவுச்சீட்டையே முதலில் பார்த்தல் வேண்டும். மார்ச்சில் கண்டதால் புதியதைப் பெறக் காலம் இருந்தது. மே மாதத்தில் விமான நிலையத்தில் கண்டிருந்தால் தம்பி வீட்டிற்குத் திரும்பியிருப்பான்.

கடவுச்சீட்டை அடுத்து விசா. இந்தியர்கள் சிங்கப்பூர் செல்ல முன்கூட்டியே விசா பெற வேண்டும். அன்றியும், அந்நாட்டை அடைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய கண்டங்களின் சில நாடுகளுக்குச் செல்வோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றும் வைத்திருத்தல் வேண்டும். அவ்வூசியைப் பயணத்திற்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன் போட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாத் தாள்களுக்கும் இரண்டு படிகள் எடுத்து, மூலத்திலிருந்து பிரித்து வேறொரு பையில் வைத்தல் நன்று. தாய் தந்தையர் இன்றித் தாத்தா பாட்டியுடன் செல்லும் பிள்ளைகள், பெற்றோர் கையொப்பமிட்ட இசைவுக் கடிதம் ஒன்றையும் எடுத்துச் செல்க.

2. எந்தப் பை? எந்தப் பொருள்?

விமானப் பயணிக்கு இரண்டு வகைப் பைகள் உண்டு. ஒன்று நம் இருக்கைக்கு மேல் வைக்கும் கைப்பை. மற்றொன்று விமானத்தின் அடிப்பகுதியில் ஏற்றப்படும் பெட்டி. எப்பொருளை எதில் வைப்பது என்பதற்குக் காரணங்கள் உள்ளன. காரணத்தை அறிந்தவர் விதியை மறவார்.

நீர்மங்கள்: கைப்பையில் நீர், எண்ணெய், பசை, களிம்பு முதலியன 100 மில்லிலிட்டருக்கு மேற்படாத கலங்களில் இருத்தல் வேண்டும். அக்கலங்கள் யாவும் ஒரு லிட்டர் கொள்ளும் ஒளிபுகும் பையொன்றில் அடங்க வேண்டும். நீர்ம வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்க இட்ட சதி ஒன்று 2006 ஆகஸ்டில் இலண்டனில் வெளிப்பட்டது. அதன் பின்னரே இவ்விதி வந்தது. பாட்டி இட்ட ஊறுகாயும் தயிரும் இவ்விதியின்படி நீர்மங்களே. அவற்றைக் கைப்பையில் வைத்தால் சோதனைச் சாவடியிலேயே விட்டுச்செல்ல நேரும்.

மின்கலங்கள்: கைப்பேசிக்கு மின்னூட்டும் பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே இருத்தல் வேண்டும். லித்தியம் மின்கலம் சில வேளைகளில் சூடேறித் தீப்பற்றும். இருக்கைக்கு அருகில் பற்றினால் பணியாளர்கள் கண்டு அணைப்பர். அடியில் பெட்டிக்குள் பற்றினால் அதை எவரும் காணார். 100 வாட் மணி வரையிலான மின்கலத்திற்குத் தனி அனுமதி தேவையில்லை. அதன் அளவை நாமே கணக்கிடலாம். மேலே 20,000 மில்லி ஆம்பியர் மணி, 3.7 வோல்ட் என்று எழுதியிருந்தால், இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க 74 வாட் மணி கிடைக்கும். ஆகவே அதைக் கொண்டு செல்லலாம். பறக்கும்போது அதைப் பயன்படுத்தப் பல நிறுவனங்கள் இசைவதில்லை.

கொப்பரை: உலர்ந்த தேங்காய் தீங்கற்றதாகத் தோன்றும். ஆனால் அதிலுள்ள எண்ணெயின் காரணமாக அது தானே வெப்பமேறித் தீப்பற்றக் கூடியது. ஆகவே அது விமானத்தில் ஆபத்தான பொருள்களின் பட்டியலில் உள்ளது.

கைப்பையில் வைக்க வேண்டியவை: தாள்கள், பணம், அன்றாட மருந்து, மூக்குக்கண்ணாடி, ஒரு மாற்றுடை. பெட்டி வேறு ஊருக்குச் சென்றுவிட்டாலும் இவை நம்முடன் இருக்கும். பெட்டியின் வெளியிலும் உள்ளேயும் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய தாளை வையுங்கள். வெளியிலுள்ள சீட்டு கிழிந்தாலும் உள்ளே இருப்பது உதவும். பெட்டி வந்து சேராவிடில், விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் விமான நிறுவனத்திடம் முறையிட்டு எழுத்துச் சான்று பெற வேண்டும்.

3. மருந்து

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துச் சிறு டப்பாவில் போட்டு எடுத்துச் செல்வது நம் வீடுகளில் வழக்கம். எல்லை கடக்கும்போது அவ்வாறு செய்தல் கூடாது. பெயரற்ற மாத்திரை அயல்நாட்டுச் சுங்க அலுவலருக்கு ஐயத்தையே தரும். மருந்தை அதன் மூல உறையிலேயே வைத்து, மருத்துவர் எழுதிய சீட்டையும் உடன் கொண்டு செல்ல வேண்டும். நம் ஊரில் எளிதில் கிடைக்கும் வலி மருந்து, உறக்க மருந்து ஆகியவற்றுள் சிலவற்றுக்குச் சிங்கப்பூரில் முன் அனுமதி பெற வேண்டும்.

4. தைத்த பொட்டலம்

புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலை. அடுத்த வீட்டுப் பெரியவர் ஒரு பொட்டலத்துடன் வந்தார். வெள்ளைத் துணியில் அழகாகத் தைக்கப்பட்டிருந்தது.

"தம்பி, என் மகளும் அங்கேதான் இருக்கிறாள். சமையல் சாமான் கொஞ்சம். அவளிடம் சேர்த்துவிட வேண்டும்" என்றார்.

தந்தை தயங்கினார். பெரியவர் இக்குடும்பத்திற்குப் பல ஆண்டுகளாகத் துணையாக இருப்பவர்; தம்பி நோயுற்றபோது நள்ளிரவில் மருத்துவமனைக்கு உடன் வந்தவர். அவரிடம் எவ்வாறு 'இயலாது' என்பது?

"ஐயா, தவறாக எண்ண வேண்டா. விமான நிலையத்தில் 'பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா? உள்ளே இருப்பவை எவை என்று தெரியுமா?' என்று கேட்பார்கள். தெரியும் என்று நான் உண்மையாகச் சொல்ல வேண்டும். பிரித்துப் பார்க்கலாமா?" என்றார் தந்தை.

பெரியவரின் முகம் சற்றே வாடியது. "என்மேல் ஐயமா?" என்றார்.

"உங்கள்மேல் ஐயம் இல்லை, தாத்தா" என்றாள் மகள். "உங்களுக்கும் எங்களுக்கும் தெரியாத சட்டம் ஏதேனும் இருக்குமோ என்றுதான் அஞ்சுகிறோம்."

பொட்டலம் பிரிக்கப்பட்டது. மல்லிப்பொடி, வடகம், ஏலக்காய், குருமாவிற்கென்று கால் கிலோ கசகசா. நம் அடுக்களையில் அது எளிய பொருள். ஆனால் அது அபினிச் செடியின் விதை. அதில் போதைப்பொருளின் கூறு சிறிதளவு ஒட்டியிருக்கக் கூடும். ஆதலின் சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் அதற்குத் தடை உள்ளது. சிங்கப்பூரின் போதைப்பொருள் சட்டத்தின்படி, ஒருவரிடம் அத்தகைய பொருள் இருந்தால் அவர் அதை அறிந்தே வைத்திருந்தார் என்று கொள்ள இடமுண்டு. 'எனக்குத் தெரியாது' என்பதை அவரே மெய்ப்பிக்க வேண்டும். பெருமளவு போதைப்பொருள் கடத்தலுக்கு அங்கே மரண தண்டனையும் உண்டு.

பெரியவர் கசகசாவைத் தம் கையாலேயே எடுத்துத் தனியே வைத்தார். "நல்ல வேளை கேட்டீர்கள். இதனால் உங்களுக்கு ஒரு தீங்கு நேர்ந்திருந்தால் நான் எந்த முகத்துடன் உங்கள் வாசலுக்கு வருவேன்?" என்றார். எஞ்சியவற்றைத் தந்தை தாமே பெட்டியில் அடுக்கினார்.

மாணவர்களே, அறிந்தவர் தரும் பொருளாயினும் பிரித்துப் பாருங்கள், விதியை அறியுங்கள், நீங்களே அடுக்குங்கள். அறியாதவர் தருவது எதுவாயினும், எவ்வளவு சிறிதாயினும், பெறாதீர்கள். விமான நிலையத்தில் 'இந்தப் பையைச் சற்றுப் பார்த்துக்கொள்' என்று எவரேனும் கூறினாலும் ஏற்காதீர்கள். பிறருக்கு உதவுதல் நம் பண்பு. ஆயினும் பணிவுடன் மறுப்பது மரியாதைக் குறைவு ஆகாது.

5. சென்ற இடத்தில்

சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளுள் தமிழும் ஒன்று. அந்நாட்டு நாணயத்திலும் நாட்டின் பெயர் தமிழில் பொறிக்கப்பட்டுள்ளது. கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்க வேண்டும். மின்னழுத்தம் நம் நாட்டைப் போன்றதே. ஆனால் மின்செருகியில் மூன்று தட்டையான முனைகள் இருக்கும். ஆகவே பொருத்தி ஒன்று தேவை. சூயிங்கம் விற்பனையும் இறக்குமதியும் 1992 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. பையில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

கூட்டத்தில் பெற்றோரைப் பிரிந்துவிட்டால் தேடி ஓடாதீர்கள். பிரிந்த இடத்திலேயே நின்று, சீருடை அணிந்த பணியாளரிடம் கூறுங்கள். தங்குமிடத்தின் முகவரியும் பெற்றோரின் எண்ணும் எழுதிய அட்டை உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். கைப்பேசி அணைந்தாலும் அட்டை பயன்படும். அவசர உதவிக்குச் சிங்கப்பூரில் காவல்துறை 999, மருத்துவ ஊர்தி 995. கடவுச்சீட்டு தொலைந்தால் காவல் நிலையத்தில் முறையிட்டு, அச்சான்றுடன் இந்தியத் தூதரகத்தை அணுக வேண்டும். தாயகம் திரும்புவதற்கென்று அங்கே அவசரச் சான்றிதழ் வழங்குவர்.

சொல்லும் பொருளும்

கடவுச்சீட்டு – பாஸ்போர்ட்
காலாவதியாதல் – செல்லும் காலம் முடிதல்
நீர்மம் – திரவம்
இசைவு – ஒப்புதல்
சுங்கம் – எல்லையில் பொருள்களைச் சோதித்து வரி பெறும் துறை
அடுக்களை – சமையலறை

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.

1. தம்பியின் கடவுச்சீட்டை ஏன் புதுப்பிக்க வேண்டியதாயிற்று?
2. பவர் பேங்க்கைப் பெட்டியில் வைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் யாது?
3. பொட்டலத்திலிருந்து கசகசாவை ஏன் நீக்கினர்?

ஆ. கணக்கிடுக.

ஒரு பவர் பேங்க்கில் 10,000 மில்லி ஆம்பியர் மணி, 3.7 வோல்ட் என்று உள்ளது. அஃது எத்தனை வாட் மணி? தனி அனுமதியின்றிக் கொண்டு செல்லலாமா?

இ. மொழிப்பயிற்சி

'பெறு' என்பது ஏவல். 'பெறாதே' என்பது எதிர்மறை ஏவல். 'பெறாதீர்கள்' என்பது மரியாதைப் பன்மை. இவ்வாறே கீழ்வருவனவற்றை மாற்றி எழுதுக.

ஓடு, வை, ஏற்றுக்கொள், மற, பிரி

ஈ. பேசிப் பழகுக.

உங்கள் நண்பர் பெரியவராகவும் நீங்கள் பயணியாகவும் இருந்து உரையாடுங்கள். அவர் ஒட்டிய உறை ஒன்றைத் தருகிறார். அவர் மனம் நோகாமல் எவ்வாறு பேசுவீர்கள்?

உ. செய்து பார்க்க

வீட்டிலுள்ள கடவுச்சீட்டுகளின் இறுதி நாளைப் பெற்றோருடன் சேர்ந்து பார்த்து, நாட்காட்டியில் ஓராண்டு முன்னதாகக் குறித்து வையுங்கள்.