கோபுரக் கலசமும் இடிதாங்கியும்



"கோபுரக் கலசம்தான்டா அந்தக் காலத்து இடிதாங்கி! உள்ளே வரகு போட்டதுகூட மின்னலுக்காகத்தான்" என்று நம் ஹாஸ்டலிலேயே பலர் அடித்துச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நானும் சாமி கும்பிடுகிறவன்தான், எலெக்ட்ரிகல் படிக்கிறவனும்கூட. ஆகவே இதைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போமே!

இடிதாங்கிக்கு மூன்று பாகம் வேண்டும். உச்சியில் கம்பி, அங்கிருந்து தரைவரை அறுபடாத செம்புப் பட்டை, மண்ணுக்குள் எர்த்திங். எர்த் ரெசிஸ்டன்ஸ் 10 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்பது நாம் படித்த கணக்கு. கலசம் செம்புதான், சரி. அதற்குக் கீழே? செங்கல், சுண்ணாம்பு, கருங்கல்! பல ஆயிரம் ஆம்பியர் வந்து இறங்கினால் ஈரம் ஊறிய செங்கல் வழியாகத்தான் போயாக வேண்டும். அந்த ஈரம் கண்மூடித் திறப்பதற்குள் நீராவியாகிக் கட்டடத்தையே பிளந்துவிடும். வரகு இதில் ஒன்றும் செய்யாது. (வரகு நெடுநாள் கெடாது, பஞ்சம் வந்தால் விதைக்கு ஆகும் என்பார்கள். அது வேறு கதை.)

ஐரோப்பாவில் இடி மின்னலை விரட்ட சர்ச் மணியை அடிக்கும் வழக்கம் இருந்தது. உயரமான கோபுரம், கையில் நனைந்த கயிறு. மணியடித்தவர்கள் பலர் செத்தே போனார்கள். மின்னலும் மின்சாரமே என்று பெஞ்சமின் பிராங்க்ளின் சொன்னது 1752இல் சோதனையில் நிரூபணமானது. இரண்டே வருடத்தில், 1754இல், இன்றைய செக் நாட்டுக் கிராமம் ஒன்றில் மின்னலுக்காகக் கம்பம் நட்டவர் யார் தெரியுமா? புரோகோப் டிவிஷ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார்! பிறகு வறட்சி வந்தது. கம்பம்தான் காரணம் என்று ஊர்க்காரர்கள் அதைச் சாய்த்துவிட்டார்கள். பாதிரியாருக்கு ஜெபமும் கம்பமும் இடிக்கவில்லை, ஊருக்குத்தான் இடித்தது.

கும்பாபிஷேகத்தன்று கலசத்தில் தீர்த்தம் விழும்போது கைகூப்பி நிற்கிற யாரும் ஓம் கணக்குப் பார்ப்பதில்லை. அந்தக் கலசத்துக்கு நாம் எதற்குப் பொய்ச் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும்? "கலசம் இருக்கே, இடிதாங்கி எதுக்கு?" என்று ஒரு நிர்வாகி நம்பிவிட்டால், மழைக்கு மண்டபத்தில் ஒதுங்கிய சனங்களின் கதி என்ன?

இன்று பல கோபுரங்களில் கலசத்தோடு இடிதாங்கியும் நிற்கிறது. அடுத்த தடவை கோயிலுக்குப் போனால், கும்பிட்டு முடித்துவிட்டு அந்தப் பட்டை எங்கே இறங்குகிறது என்று சுற்றிப் பாருங்கள். பாதியில் அறுந்திருந்தால் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். அளந்து பார்க்க எர்த் டெஸ்டர் நம் லேபிலேயே இருக்கிறது.