முதியோர் நினைவும் நம்பெருமாள் திருநாமமும்

வயதில் மிக முதிர்ந்தோரிடத்தில் இரண்டு நிதிகள் உண்டு. ஒன்று, வாழ்ந்து தெளிந்த அறிவு. மற்றொன்று, தாம் கண்டும் கேட்டும் வைத்திருக்கும் நினைவு. கேட்பார் இல்லையாகில் இரண்டும் அவர்களோடே மறையும். கேட்பார் உண்டாகில் பின்னோர் அனைவருக்கும் அவை உஜ்ஜீவனமாகும். இதற்கு இரண்டு சரித்திரங்கள் சான்றாகும். ஒன்று மஹாபாரதத்தில் உள்ளது. மற்றொன்று திருவரங்கத்தில் நிகழ்ந்தது.

பீஷ்மரும் தருமபுத்திரரும்

பாரதப் போர் முடிந்து அரசு எய்திய பின்னும் தருமபுத்திரர் மனம் ஆறவில்லை. ஒருநாள் கண்ணன் தியானத்தில் ஆழ்ந்திருக்கக் கண்டு, அதன் காரணத்தை வினவினார். சரதல்பத்தில் கிடக்கும் பீஷ்மர் தன்னையே நினைத்திருப்பதால், தன் நெஞ்சமும் அவரிடம் சென்றது என்றான் பகவான். அந்த மஹான் மறைந்தால் உலகில் ஞானங்கள் குன்றிவிடும். ஆதலால் இப்போதே சென்று வேண்டியவற்றைக் கேட்டுக்கொள் என்றும் தூண்டினான்.

கீதையை அருளியவன் அருகிலேயே நிற்கிறான். அவனே தருமங்களைச் சொல்லியிருக்கலாம். பீஷ்மரும் அதனையே விண்ணப்பித்தார்: உலகுக்கெல்லாம் ஆசானாகிய நீ இருக்க, அம்பின் வேதனையால் நாவும் நெஞ்சும் தளர்ந்த அடியேன் எங்ஙனம் பேசுவது என்றார். பகவானோ அவருடைய வலியையும் சோர்வையும் நீக்கி, நினைவைத் தெளிவித்து, அவரையே பேச வைத்தான். முதியவர் வாய்மொழி நிலைத்து நிற்க வேண்டும், அவருக்கும் அதனால் கீர்த்தி உண்டாக வேண்டும் என்பதே திருவுள்ளம்.

பாட்டனார் மீது அம்பு எய்வித்தவர் என்ற நாணத்தால் தருமபுத்திரர் முதலில் அணுகவும் கூசினார். பீஷ்மரே அவரைத் தேற்றி, அஞ்சாமல் கேள் என்று அழைத்தார். அதன்பின் வினாவும் விடையுமாக விரிந்தவையே சாந்தி பர்வமும் அனுசாசன பர்வமும். அரச தருமம், ஆபத்துக் காலத்துத் தருமம், மோக்ஷ தருமம், தான தருமம் ஆகியன அவற்றில் அடங்கும். பீஷ்மர் வெறும் விதிகளை அடுக்கவில்லை. தாம் முன்னோரிடம் கேட்ட பழங்கதைகளைச் சொல்லியே பல தருமங்களையும் விளக்கினார். அம்புப் படுக்கையில் அவர் கிடந்தவை 58 இரவுகள். தருமபுத்திரர் கேட்ட ஆறு வினாக்களுக்கு விடையாகவே ஸ்ரீவிஷ்ணு ஸஹஸ்ரநாமம் வெளிப்பட்டது. கேட்பவர் கூசி நின்றிருந்தால், அந்த ஆயிரம் நாமங்களும் உலகுக்குக் கிடைத்திருக்குமோ?

ஈரங்கொல்லியின் நினைவு

1323-ஆம் ஆண்டில் தில்லிப் படை தெற்கே வந்தபோது, திருவரங்கத்து உற்சவ மூர்த்தியான அழகிய மணவாளனை ஸ்ரீபிள்ளை லோகாசார்யர் முதலியோர் எழுந்தருளப் பண்ணிக்கொண்டு வெளியேறினர். தளர்ந்த வயதினரான ஆசார்யர் வழியில் ஜ்யோதிஷ்குடியில் பரமபதம் அடைந்தார். பெருமாளோ மலைநாடு, திருநாராயணபுரம், திருமலை எனப் பல இடங்களில் எழுந்தருளியிருந்து, விஜயநகரத்துத் தளபதி கோபணார்யர் முயற்சியால் 1371-ஆம் ஆண்டு திருவரங்கம் திரும்பினார்.

இடையில் சென்றவை 48 ஆண்டுகள். அன்று 20 வயதில் ஸேவித்தவர்க்கும் இப்போது வயது 68. பழைய பெருமாளை அறிந்தோர் அரியராயினர். கோயிலிலோ வேறொரு மூர்த்தி எழுந்தருளியிருந்து ஆராதனம் கொண்டிருந்தார். இருவரில் முன்பு இருந்தவர் யாவர் என்ற ஐயம் பிறந்தது.

அப்போது மிக முதியவரான ஈரங்கொல்லி ஒருவர் இருப்பது தெரியவந்தது. அவர் முற்காலத்தில் பெருமாளின் திருப்பரிவட்டங்களை வெளுக்கும் கைங்கர்யம் செய்தவர். கண்பார்வையும் இழந்தவர் என்பர். திருமஞ்சனமான ஈரவாடைத் தீர்த்தத்தை நாள்தோறும் உட்கொண்டவராதலால், அதன் மணமும் சுவையும் அவர் நினைவில் நின்றன. இரு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்து, ஈரவாடைத் தீர்த்தங்களை அவரிடம் தந்தனர். ஒன்றை உட்கொண்டதும் அவர் மெய்சிலிர்த்து, இவரே நம்பெருமாள் என்று உரைத்தார். அன்று முதல் அத்திருநாமமே நிலைத்தது என்பது கோயில் ஐதிஹ்யம். இடைக்காலத்தில் எழுந்தருளியிருந்தவரும் திருவரங்க மாளிகையார் என்ற திருநாமத்துடன் இன்றும் ஆராதிக்கப்படுகிறார்.

இவற்றால் தேறும் பொருள்

முதலாவது: முதியோர் அறிவு, வினாவை எதிர்பார்த்திருக்கும். கீதை நான்காம் அத்யாயம் ஞானம் பெறுவதற்கு வணக்கம், வினா, தொண்டு என்று மூன்று வழிகளைக் கூறுகிறது. வணக்கத்தோடு நின்றுவிடுதல் போதாது, வினவுதலும் வேண்டும்.

இரண்டாவது: நினைவு என்னும் நிதி கற்றோரிடம் மட்டும் இருப்பதன்று. பெரியோர் கூடியும் தீராத ஐயத்தைத் தீர்த்தவர் துணி வெளுத்தவர். நெடுநாள் கைங்கர்யம் செய்தவருடைய உடம்பே சுவடியாகிறது. கண் மறைந்தபின்னும் நாவும் நாசியும் மறக்கவில்லை.

மூன்றாவது: முதியவர் சொல்லை இகழ்ந்து தள்ளுதல் தகாது, ஆராயாமல் கொள்ளுதலும் வேண்டா. கோயிலார் முறைப்படி சோதித்தே அவர் வார்த்தையை ஏற்றனர். அதனால் அவர் பெருமை குறையவில்லை; உலகம் நம்பும்படி உறுதிப்பட்டது.

நான்காவது: காலம் தாழ்த்துதல் கூடாது. இன்னும் சில ஆண்டுகள் கழிந்திருந்தால் அந்த ஈரங்கொல்லியும் இருந்திரார்.

சேவார்த்திகள் செய்யத்தக்கது

உற்சவத்துக்கு வருவோர் வாகனத்தையும் அலங்காரத்தையும் கண்ணாரக் காண்கின்றனர். அவற்றின் பின்னே முதியோர் பலர் உளர். பெருமாளைத் தோளில் எழுந்தருளப் பண்ணிய ஸ்ரீபாதந்தாங்கிகள் உளர். மடைப்பள்ளியில் அளவு பார்க்காமல் கைப்பக்குவத்தால் தளிகை செய்தவர் உளர். புறப்பாட்டு மல்லாரியைச் செவிவழியே கற்ற நாகஸ்வரக்காரர் உளர். நந்தவனத்தில் பூத்தொடுத்தே முதுகு வளைந்தவர் உளர். இல்லத் திண்ணையிலும் பாட்டனார், பாட்டியார் அமர்ந்துள்ளனர்.

அவர்கள் அருகில் ஒரு நாழிகை அமர்ந்து, தங்கள் இளமையில் இவ்வுற்சவம் எங்ஙனம் நடந்தது, எந்த வழக்கம் நின்றுபோயிற்று, துன்பம் வந்தபோது எதனைப் பற்றி நின்றீர்கள் என்று கேட்கலாம். சொன்னதையே அவர்கள் மீண்டும் சொல்லக்கூடும். பொறுமையுடன் கேட்பதும் ஒரு கைங்கர்யமே. கேட்டதை ஏட்டில் எழுதி வைத்துச் சிறுவர்களுக்கும் சொல்ல வேண்டும். எம்பெருமானை ஸேவித்து இல்லம் திரும்பும் அன்பர்கள் இந்த ஒரு நியமத்தை மேற்கொள்வாராகில், முதியோர் மனம் குளிரும். பின்வரும் ஸந்ததியாருக்கும் இழக்கவொண்ணாத நிதி மிஞ்சும்.