பழைய கடல்மீன் தொட்டியைக் கொள்ளலாமோ?

ஒருவர் வைத்தாண்ட கடல்மீன் தொட்டி, விளக்கு, நீரிறைக்கும் பொறி, கற்கள் என்பவற்றோடு பாதி விலைக்கு வருமெனின் அதனைக் கொள்ளலாமோ? விலையை யாம் பின்னர் நோக்குவோம்.

கண்ணாடியினும் முதற்கண் ஆராயத்தக்கது, கல்லையும் மணலையும் பற்றி வாழும் நுண்ணுயிர்க் கூட்டமே. மீன்கழிவிற் பிறக்கும் அம்மோனியா என்னும் நஞ்சை நைட்ரைட்டாகவும், பின் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுவன இவையே. கற்கள் ஈரமாறாது வந்தால் இவற்றுட் பல பிழைக்கும். உலர்ந்து வந்தனவேல், புதுத்தொட்டிக்குப் போலவே மீன் விடுமுன் வாரக்கணக்கிற் காத்திருத்தல் வேண்டும். அழுக்கேறிய பழமணலை அப்படியே கொணர்தலோ கேடாம்.

விற்பவரை ஒன்று வினவுதல் இன்றியமையாதது: மீன்நோய்க்குச் செம்பு கலந்த மருந்து இட்டதுண்டோ? கல்லில் ஊறிய செம்பு நாட்பட்டும் கசிந்து இறாலையும் பவளத்தையும் கொல்லும். மீன் மட்டும் வளர்ப்பார்க்கு இவ்வச்சம் சிறிதே. விடை தயங்கி வருமேல், கற்களை அவரிடமே விட்டுவிடுதல் நன்று என்பது எம் கருத்து.

தொட்டியை நீர் நிரப்பி ஒருநாள் முழுதும் வைத்து, மூலைகளிற் பசை விட்டுளதோ என்று காண்க.

இனி விலை. கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புடையது. 200 லிட்டர் தொட்டிக்கு முதன்முறையே 7 கிலோ வேண்டும், சமையலுப்பு உதவாது. நீர் மாற்றுந்தோறும் இச்செலவு தொடரும். பாதி விலையென்று விற்பவர் சொல்லும் கணக்கில் இவ்வுப்பு வருவதில்லை.