போகும் வழியும் திரும்பும் வழியும்

கிருஷ்ணகிரியில் சாலைகள் பிரியும் இடத்தை நாம் பார்த்திருக்கிறோம். ஓசூரிலிருந்து வரும் லாரி அங்கிருந்து சேலத்துக்கும் போகலாம். வேலூர் வழியாகச் சென்னைக்கும் போகலாம். ஓட்டுநர் கைகாட்டியைப் பார்த்துத் திரும்புகிறார். கணினி வலையில் அந்தக் கைகாட்டியின் வேலையைச் செய்வது ரூட்டர் ஆகும்.

செய்திகள் சிறு பொட்டலங்களாகச் செல்கின்றன. ரூட்டர் ஒவ்வொன்றின் முகவரியையும் தன் வழி அட்டவணையில் பார்த்து, அடுத்த ரூட்டருக்கு அனுப்புகிறது.

ஓசூரில் ஒரு தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத்தில் முதல் ரூட்டர், அதனுடன் 192.168.10.5 என்ற முகவரியுடைய சர்வர். பட்டறையில் இரண்டாம் ரூட்டர். அங்குள்ள கணினிகளின் முகவரி 192.168.20 என்று தொடங்கும். ஒருநாள் பட்டறைக்குச் சர்வர் கிடைக்கவில்லை. ஒரு ஷிப்டு வேலையே நின்றுவிடும் நிலை. குறையை எப்படித் தேடுவது?

முதலில், சர்வரிலிருந்து முதல் ரூட்டருக்குப் 'பிங்' அனுப்ப வேண்டும். இதை 1983-இல் அமெரிக்கரான மைக் மூஸ் எழுதினார். பதில் வந்தால் அதுவரை கேபிளும் முகவரியும் சரி.

அடுத்தது 'டிரேஸ்ரூட்'. ஒவ்வொரு பொட்டலத்திலும் ஓர் எண் உண்டு. ரூட்டரைக் கடக்கும்போதெல்லாம் அதில் ஒன்று குறையும். பூஜ்யமானால் ரூட்டர் பொட்டலத்தை நிறுத்தி, அனுப்பிய கணினிக்குத் தெரிவிக்கும். எண்ணை 1, 2, 3 என்று உயர்த்தி அனுப்பினால் வழியிலுள்ள ரூட்டர்கள் வரிசையாகத் தெரியும்.

பட்டறையிலிருந்து பார்த்தால் இரண்டாம் ரூட்டர் மட்டுமே தெரிகிறது. அப்படியானால் குறை அங்கேதானா? அவசரப்படக் கூடாது! கேள்வி சர்வர் வரை போயிருக்கலாம். முதல் ரூட்டரின் அட்டவணையில் 192.168.20 வலைக்கு வழி இல்லையென்றால், பதில் இணையத்தின் பக்கம் திரும்பித் தொலைந்துவிடும். 'அந்த வலைக்கு இரண்டாம் ரூட்டர் வழியாகப் போ' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். புதிய கருவி வாங்கத் தேவையில்லை.

தவறான கைகாட்டி பெரிய வலைகளையும் குழப்பும். 2021 ஏப்ரல் 16 அன்று இந்தியாவின் வோடபோன் ஐடியா வலை, பிறருக்குரிய 30,000-க்கு மேற்பட்ட முகவரித் தொகுதிகளைத் தன்னுடையவை என்று அறிவித்துவிட்டது. உலகின் பல பகுதிகளுக்குச் செல்ல வேண்டிய பொட்டலங்கள் அதன் பக்கம் திரும்பின.

ஆகவே தோழியரே, இணைப்பு அறுந்தால் போகும் வழியை மட்டும் பார்த்து நின்றுவிடாமல், திரும்பும் வழியையும் பார்ப்போம்.