மலை ஏன் சரிந்தது? – ஜெனரல் மோட்டார்ஸ் தரும் பாடம்



எங்கள் அப்பா வாடகை ஆட்டோ ஓட்டுகிறவர். எங்க குடும்பத்தில் பத்தாவது தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். ஆட்டோமொபைல் பிரிவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன செமஸ்டர் லீவில் ஒருநாள் ராத்திரி, அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 2009-ல் திவாலான கதையை அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, "ஏன் தம்பி, அம்மாம் பெரிய கம்பெனியே கவுந்துடிச்சின்னா, நாளைக்கு உனக்கு எவன் வேலை குடுப்பான்?" என்று கேட்டார்.

என் படிப்புக்காக வாங்கிய தண்டல் பணத்தை அவர் இன்னும் கட்டி முடிக்கவில்லை. அதனால் அந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்க என்னால் முடியவில்லை. பதில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எவ்வளவு பெரிய கம்பெனி?

மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளிண்ட் நகரில் 1908-ல் வில்லியம் டூராண்ட் ஆரம்பித்த கம்பெனி இது. 1923-ல் தலைமைக்கு வந்த ஆல்ஃபிரட் ஸ்லோன், அவரவர் வருமானத்துக்கு ஏற்ற கார் என்று செவர்லே முதல் கேடிலாக் வரை படிப்படியாக அடுக்கி வைத்தார். 1931 முதல் 2007 வரை, 77 வருடம், உலகிலேயே அதிக வண்டி விற்ற கம்பெனி இதுதான். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற இரண்டு கார்களில் ஏறக்குறைய ஒன்று இவர்களுடையது.

2007-ல் இவர்கள் விற்றது சுமார் 93 லட்சம் வண்டி. அதே வருடம் நஷ்டம் 3,870 கோடி டாலர்! எதிர்காலத்தில் லாபம் வரும், அப்போது வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று கணக்கில் சொத்தாக எழுதி வைத்திருந்த தொகையை அடித்ததுதான் அதில் பெரும்பகுதி. அதாவது, இனி லாபம் வரும் என்று நம்பிச் சொல்ல முடியாது என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. இவ்வளவு விற்றும் ஏன் இந்த நிலை?

ஆட்டோ வாடகைக் கணக்கு

தொழில் மேலாண்மைப் பாடத்தில் சார் பிரேக் ஈவன் பாயிண்ட் நடத்தியபோது எனக்கு அப்பாவின் ஆட்டோதான் ஞாபகம் வந்தது. வண்டிக்காரருக்குத் தினவாடகை 350 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காஸ் செலவு போக ஒரு சவாரிக்கு 50 ரூபாய் நிற்கும். முதல் ஏழு சவாரி வாடகைக்கே போய்விடும். எட்டாவது சவாரிதான் எங்க வீட்டு அரிசி. மழை பெய்து நாலு சவாரியோடு நின்றால் 150 ரூபாய் கையை விட்டுப் போகும். சவாரி வந்தாலும் வராவிட்டாலும் வாடகை மாறாது. இதைத்தான் பாடத்தில் நிலைச் செலவு என்கிறோம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

காரணம் 1: ஏறிக்கொண்டே போன வாடகை

1950-ல் ஜெனரல் மோட்டார்ஸும் யு.ஏ.டபிள்யூ. தொழிற்சங்கமும் ஐந்து வருட ஒப்பந்தம் போட்டன. 'டெட்ராய்ட் உடன்படிக்கை' என்று அதற்குப் பெயர். நல்ல சம்பளம், பென்ஷன், மருத்துவச் செலவில் பங்கு. உழைத்தவனுக்கு அது நியாயமானதுதான். பிறகு வந்த ஒப்பந்தங்களில் இந்தச் சலுகைகள் இன்னும் கூடின. மருத்துவக் காப்பீட்டை அரசாங்கமே எல்லாருக்கும் தர வேண்டும் என்று சங்கத் தலைவர் வால்ட்டர் ராய்த்தர் வற்புறுத்தினார். அது நடக்கவில்லை. பாரம் கம்பெனியின் தலையிலேயே நின்றது.

வளரும்போது அது தெரியவில்லை. ஆலையில் ஆட்கள் குறைந்தார்கள், ஓய்வு பெற்றவர்கள் பெருகினார்கள். 2005 வாக்கில் தொழிலாளர், ஓய்வு பெற்றவர், அவர்கள் குடும்பம் என்று சுமார் 11 லட்சம் பேரின் மருத்துவச் செலவு கம்பெனியுடையது. ஒரு வண்டிக்குச் சுமார் 1,500 டாலர் அதற்கே போனது. சங்கம் கேட்டது உண்மை. ஆனால் பணத்தை ஒதுக்கி வைக்காமல் கையெழுத்துப் போட்டது நிர்வாகம். பழியை ஒரு பக்கம் மட்டும் போடக்கூடாது.

காரணம் 2: ஒரே வகை வண்டியை நம்பியது

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோதே சின்ன காரின் அருமை தெரிந்தது. ஜப்பான் கார்கள் அமெரிக்கச் சந்தையில் பரவின. ஆனால் சின்ன காரில் லாபம் குறைவு என்பதால் இவர்கள் அதில் முழு மனசு வைக்கவில்லை. 1990-களில் பெட்ரோல் மலிவாக இருந்தது. பெரிய பிக்கப், எஸ்.யு.வி. வண்டிகளில் லாபம் கொட்டியது. அதையே நம்பினார்கள். 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. பெரிய வண்டிகள் ஷோரூமிலேயே தேங்கின. அதே வருடம் வங்கிகள் முடங்கி, கடனில் கார் வாங்குவதும் நின்றது. 2007-ல் அமெரிக்காவில் சுமார் 160 லட்சம் வண்டி விற்றது. 2009-ல் சுமார் 104 லட்சம்தான். சவாரி குறைந்தது, வாடகை குறையவில்லை!

காரணம் 3: தெரிந்தும் பரப்பாத பாடம்

என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் ஆலை, மோசமான ஆலை என்று பெயர் எடுத்து 1982-ல் மூடப்பட்டது. 1984-ல் டொயோட்டாவுடன் கூட்டாக அதே ஆலையை நும்மி என்ற பெயரில் திறந்தார்கள். வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள். ஆனால் இப்போது அசெம்பிளி லைனுக்கு மேலே ஒரு கயிறு தொங்கியது. குறையைப் பார்த்தால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். தலைவர் ஓடி வந்து பார்ப்பார், சரியாகாவிட்டால் லைன் நிற்கும். சீக்கிரமே அந்த ஆலையின் தரம் ஜப்பான் ஆலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆள் மாறவில்லை, முறைதான் மாறியது.

அந்தப் பாடம் கையிலேயே இருந்தும், மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோகப் பல வருடம் பிடித்தது. அதற்குள் வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

சரிந்த நாள்

2008-ல் மேலும் 3,090 கோடி டாலர் நஷ்டம். 2009 ஜூன் 1-ஆம் தேதி திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்தில் மனு. சொத்து சுமார் 8,200 கோடி டாலர், கடன் சுமார் 17,200 கோடி. அமெரிக்க அரசு சுமார் 5,000 கோடி டாலர் போட்டுக் காப்பாற்றியது. நல்ல பகுதிகள் 2009 ஜூலையில் புதுக் கம்பெனியாக எழுந்தன. பாண்டியாக், சாட்டர்ன் பெயர்கள் மறைந்தன. பழைய பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். 2013-ல் அரசு கடைசிப் பங்கை விற்றபோது, போட்ட பணத்தில் 1,000 கோடி டாலருக்கு மேல் திரும்பவில்லை.

ஆகவே நண்பர்களே, கம்பெனி சரிந்தது 2009-ல் அல்ல. நல்ல காலம் நிலைக்கும் என்று நம்பிச் செலவை ஏற்றிக்கொண்ட ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தது. நாளைக்கு நாம் எந்தப் பட்டறையில் சேர்ந்தாலும் இரண்டு கேள்வி கேட்போம்: விற்காவிட்டாலும் இங்கே என்ன செலவாகும்? குறையைப் பார்த்தால் இங்கே யார் கயிற்றை இழுக்கலாம்?

எழுதி முடித்ததை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப, வண்டியில சத்தம் வந்தா அன்னைக்கே ஓரங்கட்டிப் பாக்கணும்னு சொல்ற. அதானே? இத நான் இருபது வருசமா சொல்றேனே!" என்றார். வேலையைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. "நல்லாப் படி" என்று மட்டும் சொல்லிவிட்டு, ராத்திரி சவாரிக்குக் கிளம்பினார்.



– இரண்டாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு