நீரில் கரையும் வண்ணத்தில் ஒரு கரிசல் பொங்கல்

ஓவியத்தில் நாட்டமுடைய மாணவ நண்பர்களுக்கு இப்போது நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கத் தொடங்கியிருக்கும் ஒரு கருவி, நீரில் கரையும் வண்ணப் பென்சில். நமக்குத்தான் இது புதிது, உலகிற்குப் புதிதன்று. சுவிட்சர்லாந்தின் கரன் டாஷ் நிறுவனம் 1931ஆம் ஆண்டிலேயே ‘பிரிஸ்மாலோ’ என்னும் பெயரில் இதனை வெளியிட்டது. சாதாரண வண்ணப் பென்சிலில் வண்ணப் பொடியை மெழுகு பிணைத்து நிற்கிறது; ஆதலால் தண்ணீர் அதனிடம் செல்லுபடியாகாது. இதிலோ பிணைக்கும் பொருளே நீரில் கரையும் தன்மையது. கோடுகளைத் தீட்டிவிட்டு ஈரத் தூரிகையால் தடவினால் கோடு நெகிழ்ந்து நீர்வண்ணமாகப் பரவுகிறது.

இப்பென்சில்களால், கல்லூரிப் பொங்கல் விழாவிற்கென ஒரே படத்தை நான் இருமுறை வரைய நேர்ந்தது. முதற்படம் தோற்றது, இரண்டாவது ஓரளவு தேறியது. அந்தக் கதையே இக்கட்டுரை.

சிவகாசியில் அச்சகமொன்றில் வேலை பார்க்கும் என் மாமா, இருபத்து நான்கு நிறங்கள் கொண்ட பெட்டியொன்றை வாங்கி வந்து தந்தார். உடனே உட்கார்ந்து, வீட்டுச் சுவரில் தொங்கிய நாட்காட்டிப் படத்தைப் பார்த்து வரைந்தேன். பச்சை வயல், வளைந்தோடும் ஆறு, தென்னந்தோப்பு, இரு மலைகளுக்கு நடுவே சூரியன், முன்னால் பொங்கல் பானை. எல்லாம் ஒழுங்காகவே வந்திருந்தது. ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“ஏட்டி, இது எந்த ஊருப் பொங்கலு? நம்ம ஊருல ஆறு எங்க ஓடுது?”

எனக்குச் சொல்ல விடையில்லை. இடைசெவலில் ஆறு இல்லை. நெல் வயலும் தென்னந்தோப்பும் எங்கள் புஞ்சைக் காட்டின் அடையாளம் அல்ல. வடகிழக்குப் பருவ மழையை நம்பி விதைக்கும் கரிசல் பூமி இது. தை மாதத்தில் பருத்தி மஞ்சளாய்ப் பூத்திருக்கும். ஊடே உளுந்து காய்ந்து நிற்கும். தூரத்தில் பனையும் உடை மரமும் தெரியும். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் 1923ஆம் ஆண்டில் பிறந்தது இதே இடைசெவலில்தான். அவர்களால் எழுத்தில் இந்த மண்ணுக்கு இடம் கிடைத்துவிட்டது. நான் வரைந்த பொங்கலில் அது இல்லை.

நாட்காட்டிக்காரர்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அக்கலைக்குத் தலைநகராக விளங்கியது நம் கோவில்பட்டியே. சென்னை அரசு ஓவியப் பள்ளியில் பயின்ற சி. கொண்டையராஜு (1898 - 1976), நாடகக் குழுவில் திரைச்சீலை வரைபவராக ஊர் ஊராகச் சென்று, 1940களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவருடைய தேவி ஆர்ட் ஸ்டூடியோவில் டி. எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் முதலிய சீடர்கள் உருவாயினர். அவர்கள் வரைய, சிவகாசி அச்சிட, அப்படங்கள் தமிழகத்து வீடுகள்தோறும் தொங்கின. எல்லா ஊரிலும் விலைபோக வேண்டிய படத்தில் எந்த ஊருக்கும் பொருந்தும் மலையும் நீர்நிலையும் இருப்பது வியாபார நியாயம். எனக்கு அந்த நிர்ப்பந்தம் ஏது? இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்கால நாடகத் திரைகளுக்கு வண்ணப் பொடியை வஜ்ஜிரப் பசைநீரில் குழைத்தே பூசுவார்கள். ஆகவே, நீரில் கரையும் வண்ணம் நம் வட்டாரத்திற்கு அவ்வளவு புதிதும் அல்ல!

இரண்டாவது படத்திற்கு எங்கள் பழைய புஞ்சையை எடுத்துக்கொண்டேன். வீட்டு முற்றத்தில் நின்றால் தெரியும் நிலம் அது. கடனுக்காக இரண்டாண்டுகளுக்கு முன் விற்றுவிட்டோம். ஆச்சி அந்தப் பக்கமாக இப்போது நாற்காலி போட்டு உட்காருவதில்லை.

முதலில் தாள். சாதாரண சார்ட் தாள் ஈரம் பட்டதும் அப்பளம் போல் பொங்கிக்கொள்ளும். 300 கிராம் எடை என்று குறித்திருக்கும் நீர்வண்ணத் தாளை வாங்கி, நான்கு ஓரங்களையும் பலகையில் ஒட்டுநாடாவால் ஒட்டிவிட வேண்டும். உருவரையைக் கரிப் பென்சிலால் போடலாகாது; மேலே வண்ணம் காய்ந்தபின் அதை அழிக்க முடியாது. வெளிர் பழுப்பு நிற வண்ணப் பென்சிலாலேயே மெல்லப் போட்டால், பின்னர் அது வண்ணத்தோடு கரைந்து மறைந்துவிடும்.

அடுத்தது வெள்ளை. பெட்டியிலுள்ள வெள்ளைப் பென்சிலை நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். பானையில் பொங்கி வழியும் நுரைக்கும், நிலைப்படியில் ஆவாரம்பூவோடு செருகிய கண்ணுப்பீளைக்கும் தாளின் வெண்மையையே விட்டுவைத்தேன். கோலத்திற்கு மட்டும் ஒரு தந்திரம் செய்தேன். மெழுகுவர்த்தித் துண்டால் முதலிலேயே கோலத்தை இழுத்துவிட்டு, அதன்மேல் செம்பழுப்பை நீராகப் பூசினேன். மெழுகில் நீர் ஒட்டாததால் கோலம் வெள்ளையாகத் துலங்கியது.

எங்கள் பக்கத்தில் பொங்கல் பானைக்குப் பனையோலையே எரிப்பு. ஓலைத்தீ விறகுத்தீயைப் போலன்று. குப்பென்று எழுந்து உடனே அடங்கும். மஞ்சளைத் தீட்டி நனைத்து, அது அரைகுறையாகக் காயும்போது ஆரஞ்சையும், நன்கு காய்ந்தபின் நுனிகளில் மட்டும் சிவப்பையும் வைத்தேன். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்திற்குப் போவதே முறை. தூரிகையைக் கழுவ மறந்து, பனங்கிழங்கு இலையின் பச்சையோடு தீயைத் தொட்டுவிட்டேன். தீயின் ஒரு மூலை சகதியானது. அதைப் புகையாக மாற்றிச் சமாளித்தேன். (பார்த்தவர்கள் புகையைத்தான் பாராட்டினார்கள்!)

எல்லாவற்றிலும் என்னைப் பாடுபடுத்தியது மண்தான். கரிசல் என்றால் கறுப்புத்தானே என்று கறுப்புப் பென்சிலைத் தேய்த்து நீர் விட்டேன். சிலேட்டுப் பலகையாக உயிரற்றுக் கிடந்தது. மறுநாள் விடியலில் வாசலில் நின்று மண்ணையே பார்த்தேன். காய்ந்த மேற்பரப்பு சாம்பல். பனி இறங்கிய இடம் அடர் பழுப்பு. கட்டிகளின் நிழல் நீலம். கறுப்பு எங்குமே இல்லை. வேறொரு தாளில் அடர் பழுப்பையும் கருநீலத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தீட்டி, துளி ஊதா சேர்த்து நனைத்தபோது, அங்கே எங்கள் மண் இருந்தது.

மண்கட்டிகளுக்கு, ஈரமான தாளின்மேல் பென்சில் முனையை உரசித் தூளை உதிர்க்க வேண்டும். விழுந்த இடத்தில் தூள் புள்ளி புள்ளியாகக் கரைந்து சொரசொரப்பாகிறது. கைக்கு அகப்பட்ட தீப்பெட்டியின் பக்கத்தில் உரசிப் பார்த்தேன். பெட்டியின் மருந்தும் சேர்ந்து உதிர்ந்து நிறத்தைக் கெடுத்தது. தீப்பெட்டி ஊர்க்காரிக்கு இது தெரிந்திருக்க வேண்டும்! உப்புத்தாளே ஏற்றது.

முடிந்த படத்திலும் வண்ணம் கரையும் தன்மையிலேயே இருக்கும். ஒரு துளி நீர் பட்டாலும் கறை விழும். கண்ணாடிச் சட்டம் போட்டே மாட்ட வேண்டும்.

சட்டம் போடக் கொடுப்பதற்கு முதல்நாள் மாலை, படத்தை ஆச்சியிடம் காட்டினேன். இம்முறை ஊர் எது என்று அவர் கேட்கவில்லை. விரல் மட்டும் பருத்தி வரிசையைத் தாண்டிப் போய் ஓரிடத்தில் நின்றது.

“பொழியில நின்ன வேம்ப எங்கட்டி?”

விட்டுத்தான் போயிருந்தது. பின்னால் வானம் பூசி முடித்தாயிற்று. அங்கே மீண்டும் நீர் பட்டால் வானம் கலைந்துவிடும். ஆகவே உலர்ந்த தாளில் உலர்ந்த பென்சிலாலேயே வேம்பை வரைந்தேன். பனைக்குப் பாதி உயரம் என்றார் ஆச்சி. கிளை தெற்கே சாய்ந்திருக்கும் என்றார். வரைந்து முடித்ததும், “நெழலு போடலியா?” என்றார். கருநீலத்தால் நான்கு கோடுகள் இழுத்தேன்.